உதவி வந்து சேரும் வரை

2016 செப்டம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை தீப்பிடித்தபோது நகரத்தில் ஒரு தீயணைப்பு வண்டிகூட இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வர வேண்டியிருந்தது. ஏ9 வீதியில் ஏறக்குறைய 65 கிலோமீற்றர். எவ்வளவு விரைவாக ஓட்டி வந்தாலும் அந்தத் தூரத்துக்கு நெருப்புக் காத்திருக்காது. வன்னியில் இருக்கிறவர்கள் எந்த ஆபத்தைப் பற்றி யோசித்தாலும் இந்தத் தூரத்திலிருந்துதான் யோசிக்கத் தொடங்க வேண்டும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு 50 கிலோமீற்றர் அளவில் வரும். பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாகப் போனாலும் அதே அளவுதான். இடையில் காடும் வயலும் குளக்கட்டும். உதவி வரும். அது வந்து சேரும் வரை உள்ள நேரம் உங்கள் கையில்.

மூட்டை கட்டத் தெரியாத சனம் வன்னியில் இல்லை. காணி உறுதி, அடையாள அட்டை, நகை, ஒரு சட்டி, ஒரு தறப்பாள் என்று எதை முதலில் தூக்குவது என்பது ஒரு தலைமுறைக்கே மனப்பாடம். அது வீட்டை விட்டுப் போவதற்கான ஆயத்தம். சந்தியில் சங்கிலி அறுப்பதற்கும், நடு இரவில் பாம்பு கடிப்பதற்கும், குசினியில் காஸ் கசிவதற்கும் அந்த மூட்டை உதவாது. நின்ற இடத்தில் நின்றபடி முதல் அரை மணித்தியாலத்தைச் சமாளிக்க வேண்டும். அதற்கு வேண்டிய பொருட்கள் மிகக் குறைவு. தெரிந்திருக்க வேண்டியதுதான் அதிகம்.

முதலில் எண்கள். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, சிறுவர் உதவி 1929, பெண்கள் உதவி 1938, மின்சாரம் 1987. 1990 சுவசரிய சேவைக்குக் காசு கிடையாது. அது 2018 யூலையில் வடக்குக்கு வந்தது. இந்த எண்கள் போனுக்குள் மட்டும் இருந்தால் போதாது. விபத்தில் முதலில் உடைவதும் களவில் முதலில் போவதும் போன்தான். அடையாள அட்டை உறைக்குள் ஒரு சிறு கடதாசி வையுங்கள்: இரண்டு உறவினரின் எண், இரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, தினமும் எடுக்கும் மருந்து. பென்சிலால் எழுதுங்கள். ஜெல் பேனை மை நனைந்தால் ஓடிவிடும், பென்சில் ஓடாது. பிள்ளைகளுக்கு ஒரு எண்ணாவது வாய்ப்பாடு போல மனப்பாடமாக இருக்க வேண்டும்.

எண்ணை அழுத்துவது சுலபம். இடத்தைச் சொல்வதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 1990க்கு எடுக்கும் அழைப்புக் கிளிநொச்சியில் ஒலிப்பதில்லை, கொழும்புப் பக்கத்தில் உள்ள மையத்தில் ஒலிக்கிறது. நாங்கள் பழக்கத்தில் 'நூற்றைம்பத்தைந்தாம் கட்டை' என்போம். அது கண்டியிலிருந்து எண்ணிய பழைய மைல் கணக்கு, கிலோமீற்றரில் ஏறத்தாழ 249. எதிர்முனையில் இருப்பவர் வரைபடத்தில் 155ஆவது கிலோமீற்றரைத் தேடினால், வவுனியாவைக்கூடத் தாண்டாத ஓர் இடத்தில் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார். ஆகவே கட்டையை விட்டுவிட்டு இந்த ஒழுங்கில் சொல்லுங்கள்: மாவட்டம், வீதி, எந்த நகரத்திலிருந்து எந்தப் பக்கம், பக்கத்தில் உள்ள பாடசாலை அல்லது கோயில், பிறகு ஆட்களின் நிலை. "ஐயா, கிளிநொச்சி மாவட்டம். ஏ9 வீதி. டவுனிலிருந்து முறிகண்டிப் பக்கம். மோட்டார் சைக்கிள் விபத்து, ஒரு ஆள். கதைக்கிறார், மூச்சு இருக்கு, காலில் இரத்தம் நிக்குதில்லை." இவ்வளவும் சொல்ல 20 செக்கனுக்கு மேல் எடுக்காது. அவர்கள் வைக்கும் வரை நீங்கள் போனை வைக்காதீர்கள். ஒழுங்கை வாசலில் ஒருவரை ரோச்சுடன் நிறுத்துங்கள். வன்னியில் ஒழுங்கைகளுக்குப் பெயர்ப்பலகை அரிது, அம்புலன்ஸ் தவறிப் போவது பெரும்பாலும் அந்தக் கடைசி அரைக் கிலோமீற்றரில்தான்.

கையோடு எப்போதும் இருக்க வேண்டியவை என்று சொன்னால், உள்ளங்கையளவு ரோச், விசில், இரண்டு முழ அகலமான பருத்தித் துணி, சில்லறைத் தாள்கள், சார்ஜ் போட்ட பவர் பாங். ரோச்சுக்கு அல்கலைன் பற்றரி வாங்குங்கள். மலிவான பற்றரி ஆறு மாதம் கிடந்தால் ஒழுகி, முனைகளைப் பச்சை பிடிக்க வைத்துவிடும். ஒரு பற்றரியைத் தலைகீழாகப் போட்டு வைத்தால் பைக்குள் தானாக எரிந்து தீராது, தேவைப்படும்போது திருப்பிப் போட இரண்டு விநாடி போதும். தலையில் கட்டும் ரோச் இன்னும் நல்லது, இரண்டு கையும் காலியாக இருக்கும். காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர் வாயில் ரோச்சைக் கடித்துக்கொண்டு நின்றால் எதிரில் இருப்பவரிடம் எதையும் கேட்க முடியாது.

பவர் பாங்கைப் பற்றி ஒரு தவறான கணக்கு ஊரெல்லாம் உண்டு. 10000 எம்ஏஎச் என்று எழுதியிருந்தால் 5000 எம்ஏஎச் போனை இரண்டு முறை நிரப்பும் என்று நினைக்கிறோம். நிரப்பாது. வோல்ற்றளவை மாற்றும்போதும் சூட்டிலும் மூன்றில் ஒரு பங்கு அளவு வீணாகிறது. ஒருமுறையும் கொஞ்சமும் நிரம்பினால் சரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் சார்ஜ் போடாவிட்டால் தேவையான அன்று வெறுமையாக இருக்கும். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைக்கவே கூடாது, சித்திரை வெயிலில் அந்தப் பெட்டி அடுப்பு. கரண்ட் போய்ச் சிக்னலும் மெலிந்த நேரத்தில் குரல் அழைப்பை மீண்டும் மீண்டும் முயலாதீர்கள். ஒரு வரிக் குறுஞ்செய்தி மெல்லிய சிக்னலிலும் நுழைந்துவிடும். பற்றரியும் மிஞ்சும். எப்எம் உள்ள போன் என்றால் வயருள்ள இயர்போனையும் பையில் போடுங்கள், அந்த வயர்தான் அதற்கு அன்ரனா.

காசு: 100, 500 ரூபாய்த் தாள்களாக, பணப்பையில் இல்லாமல் வேறோர் இடத்தில். கரண்ட் இல்லாத நாளில் ஏரிஎம் வேலை செய்யாது. 5000 ரூபாய்த் தாளுக்கு ஓட்டோக்காரரிடம் மிச்சம் இருக்காது.

இனி இரத்தம். ஏ9இல் நடக்கும் விபத்தானாலும் ஊருக்குள் நடக்கும் வாள்வெட்டானாலும், வழியிலேயே உயிர் போவதற்கு நாங்கள் தடுக்கக்கூடிய முக்கியமான காரணம் இரத்தம் போவதுதான். அதை நிறுத்த டொக்டர் தேவையில்லை. துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் உடல் பாரத்தைக் கொடுத்து அழுத்துங்கள். மணிக்கூட்டைப் பார்த்துப் பத்து நிமிடம். இடையில் தூக்கிப் பார்க்கக் கூடாது. எல்லோரும் செய்யும் பிழை அதுதான். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை 'நிண்டிட்டுதோ' என்று எடுத்துப் பார்த்தால், கட்டிக்கொண்டிருந்த இரத்தம் துணியோடு கிழிந்து வந்துவிடும். துணி நனைந்தால் அதன் மேல் இன்னொன்று. பஞ்சு வேண்டாம், இழை காயத்தில் ஒட்டும். மஞ்சள், கோப்பித்தூள் எதுவும் வேண்டாம், ஆஸ்பத்திரியில் அதைக் கழுவி எடுப்பது பெரும்பாடு.

கையிலோ காலிலோ இரத்தம் பீறிட்டு வந்து, அழுத்தியும் நிற்காவிட்டால் இறுக்கிக் கட்டலாம். காயத்துக்கு மேலே, இருதயப் பக்கமாக, நாலு விரல் தள்ளி. முழங்கால், முழங்கை மூட்டின் மேல் கட்டக் கூடாது. துணி குறைந்தது மூன்று விரல் அகலம். கயிறும் வயரும் தோலை அறுக்கும், இரத்தத்தை நிறுத்தாது. முதல் முடிச்சின் மேல் உறுதியான தடியை வைத்து இரண்டாவது முடிச்சுப் போட்டு, இரத்தம் நிற்கும் வரை தடியை முறுக்குங்கள். நோகும், அவர் கத்துவார், ஆனாலும் தளர்த்தக் கூடாது. பிறகு தடியை இன்னொரு துணியால் கட்டி, கட்டிய நேரத்தை நெற்றியிலோ கையிலோ பேனையால் எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்கும் கேள்வி அது. இதைச் சும்மா இருக்கும் ஒரு நாளில் தடியும் சாரத்துணியும் வைத்து, முழுதாக முறுக்காமல், வீட்டில் ஒருவரில் கட்டிப் பாருங்கள். இருட்டில் முதல்முறை செய்யக் கூடாத வேலை இது.

விபத்தில் கிடப்பவரைத் தூக்கி ஓட்டோவில் இருத்திக் கொண்டுபோவது இன்னும் நடக்கிறது. முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்த இருத்தலே காலைச் செயலிழக்கச் செய்யலாம். மூச்சு இருந்து, நெருப்போ மறுபடி வாகனம் மோதும் ஆபத்தோ இல்லாவிட்டால், அம்புலன்ஸ் வரும் வரை கிடந்த இடத்திலேயே தலையையும் கழுத்தையும் இரண்டு கையால் நேராகப் பிடித்துக்கொண்டிருங்கள். ஹெல்மற்றைக் கழற்றாதீர்கள், கண்ணாடியை மட்டும் உயர்த்துங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இரத்தத்துக்குக் கட்டச் சொன்ன அதே கட்டைப் பாம்புக்கடிக்குக் கட்டக் கூடாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், இரண்டும் ஒரே வேலைதான் என்று பலர் நம்புவது. புடையன் கடித்த இடத்தில் விஷம் சதையையே அழிக்கும். மேலே இறுக்கிக் கட்டினால் அந்த அழிவு முழுவதும் ஒரே இடத்தில் தேங்கி, காலையே எடுக்க வேண்டிய நிலைக்கு வரலாம். கீறி உறிஞ்சுவதும் வேண்டாம். புடையன் விஷம் இரத்தத்தை உறையவிடாது, நீங்கள் போட்ட கீறல் நிற்காமல் ஒழுகும். மோதிரம், காப்பு, கொலுசு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள், ஒரு மணித்தியாலத்தில் வீங்கி இறுகிவிடும். கடித்த கையையோ காலையோ ஒரு பலகையோடு தளர்வாகக் கட்டி, ஆளை நடக்க விடாமல், படுத்தபடி கொண்டுபோக வேண்டும். பாம்பை அடித்து எடுத்துப்போகத் தேவையில்லை. எட்டி நின்று ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். இலங்கையில் போடும் விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருவது. நாகம், புடையன், கட்டுவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்தே செய்யப்படுகிறது.

கட்டுவிரியன் வேறு மாதிரி. இரவில் வீட்டுக்குள் வரும், பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும். நோவோ வீக்கமோ பெரிதாக இராது, பல்லடையாளம்கூடத் தெரியாமல் போகலாம். விடிய வயிற்றுவலி, கண் இமை தானாக விழுதல், கதை குளறுதல் என்று தொடங்கி மூச்சில் முடியும். தரையில் படுக்கிற பிள்ளை காலையில் காரணமில்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறக்கக் கஷ்டப்பட்டால், பாம்பைக் காணாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தடுக்க ஒரு மலிவான வழி உண்டு: கட்டில், முடியாவிட்டால் நுளம்பு வலையை எல்லாப் பக்கமும் பாய்க்குக் கீழே செருகிப் படுப்பது. வலையின் விளிம்பு தரையில் தொங்கிக்கொண்டிருந்தால் அது நுளம்புக்கு மட்டும்தான் வேலி. பரியாரியிடம் போக விரும்புகிற பெரியவர்களோடு அந்த நேரத்தில் வாக்குவாதப்பட வேண்டாம். "அப்பு, முதல்ல ஊசி, பிறகு பார்வை பார்ப்பம்" என்று சொல்லி வாகனத்தில் ஏற்றுங்கள்.

களவுக்கு வருவோம். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கட்டிய வீடுகளில் முன்கதவு நல்ல மரமாக இருக்கும், குசினிக் கதவு வெறும் பலகைக்கு அரை அங்குல ஆணி நாலு அடித்ததாக இருக்கும். கள்ளன் முன்கதவைப் பார்ப்பதில்லை. குசினிக் கதவின் தாழ்ப்பாள் ஒரு உதையில் வருவது தாழ்ப்பாள் மெலிந்ததால் அல்ல, அதைப் பிடித்திருக்கும் திருகாணி கட்டையாக இருப்பதால். இரண்டு அங்குலத் திருகாணிக்கு மாற்றுங்கள். நிலைக்கு இரண்டு பக்கமும் இரும்புக் கொளுவியைத் துளைத்துப் போல்ற் பூட்டி, உள்ளே ஒரு குறுக்குச் சட்டம் போட்டால் அதற்கு ஈடான பூட்டு எதுவும் இல்லை. தச்சருக்கு அரை நாள் வேலை. மாங்காய்ப் பூட்டுக்குப் பணம் கொட்டுகிறவர்கள் அதைக் கொழுவும் தகட்டைப் பார்ப்பதில்லை. தகட்டின் திருகாணித் தலை வெளியில் தெரிந்தால், பூட்டைத் தொடாமலே ஒரு திருப்புளியால் கழற்றிவிடலாம்.

ஓட்டு வீட்டில் இன்னொரு வழி கூரை. ஓட்டை இரண்டு கையால் தூக்கி வைத்துவிட்டு இறங்கலாம். நகையோ உறுதியோ இருக்கும் அறைக்கு மட்டுமாவது சலாகைக்குக் கீழே கம்பி வலை அடியுங்கள். யன்னலுக்கு எல்லாம் கிறில் போட்டு நிரந்தரமாகப் பொருத்திவிடுவது அடுத்த பிழை. நெருப்புப் பிடித்தால் வெளியே வர வழி இருக்காது. படுக்கையறையில் ஒரு கிறிலாவது உள்ளிருந்து திறக்கிறதாக இருக்கட்டும். திறப்பை அதற்குப் பக்கத்தில், வெளியிலிருந்து கை எட்டாத தூரத்தில், ஓர் ஆணியில் கொழுவுங்கள். அந்த ஆணியைத் தவிர வேறெங்கும் அந்தத் திறப்புப் போகக் கூடாது. பூச்சட்டிக்குக் கீழும் கூரை விளிம்பிலும் திறப்பு வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அலுமாரி, அரிசி வாளி, சாமி அறை: கள்ளன் தேடும் வரிசையும் அதுதான்.

நகையை ஒவ்வொன்றாக ஒரு அடிமட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். பவுணையும் கிராமையும் எழுதுங்கள், ஒரு பவுண் 8 கிராம். கடைப் பற்றுச்சீட்டையும் படம் எடுங்கள். களவுபோன நகை பிடிபட்டாலும் 'இது என்னுடையது' என்று காட்ட வேறு வழி இல்லை. வங்கியில் சிறு தொகைக்கு அடகு வைத்துப் பாதுகாப்பவர்கள் உண்டு, அது கெட்ட யோசனை அல்ல. மீட்கும் திகதியைக் கலண்டரில் குறிக்காமல் விட்டால் ஏலத்துக்குப் போய்விடும்.

வீட்டுக்கு வந்து கதவு திறந்திருக்கக் கண்டால் உள்ளே போகாதீர்கள். அயலாரைக் கூப்பிட்டு, 119க்கு எடுத்து, வெளியில் நில்லுங்கள். இரவில் சத்தம் கேட்டால் லைற் எல்லாவற்றையும் போட்டுச் சத்தமாகக் கதையுங்கள், விசிலை ஊதுங்கள். ஓடுகிறவனுக்கு ஓட வழி விடுங்கள். மூலையில் மடக்கப்பட்டவன் கையில் வாள் இருக்கலாம், நகைக்காகப் பெறுமதியான கையை இழக்க வேண்டியதில்லை. ஒழுங்கைக்கு ஒரு விசில் முறை பேசி வைத்திருந்தால், மூன்று ஊதலுக்கு எல்லா வீட்டிலும் லைற் எரியும். எந்தக் கமராவுக்கும் அந்தப் பலம் இல்லை. கமரா போடுவதானால் பதிவுப் பெட்டியை ரீவிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், ரீவியோடு அதுவும் போய்விடும்.

சங்கிலி அறுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு பேராக மோட்டார் சைக்கிளில் பின்னாலிருந்து வருவார்கள். அதனால் வீதியோரம் நடக்கும்போது வாகனங்களுக்கு எதிர்முகமாக, வலப்பக்கமாக நடக்க வேண்டும். வருகிறவன் முகம் தெரியும். கைப்பை வீதிக்கு எதிர்ப்பக்கத் தோளில். வழி கேட்டு நிறுத்தினால் இரண்டு கை தூரம் தள்ளி நின்றே பதில் சொல்லுங்கள். தாலிக்கொடியை ஊக்கினால் உடுப்போடு குத்தி வைப்பது பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். தடித்த கொடி அறாது, இழுக்கிற வேகத்தில் நீங்கள்தான் தார் வீதியில் விழுவீர்கள். கையில் பிடித்தவுடன் விட்டுவிடுவதே சரி. இலக்கத் தகட்டின் கடைசி நாலு எண்ணையும் ஓடிய திசையையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருங்கள், எழுதக் கிடைக்கும் வரை மறக்காது.

கொழும்பு, யாழ்ப்பாண இரவு பஸ்கள் வன்னிச் சந்திகளில் விடியச் சாமம் மூன்று, நாலு மணிக்கு இறக்கிவிடும். ஏறும்போதே கண்டக்டரிடம் இறங்கும் இடத்தைச் சொல்லி, அதற்கு முந்திய ஊர் தாண்டியதும் வீட்டுக்கு எடுங்கள். கூட்டிப்போக வருகிறவர் நிற்காவிட்டால் இருட்டுச் சந்தியில் இறங்க வேண்டாம், கிளிநொச்சி, வவுனியா பஸ் நிலையம் வரை போய் வெளிச்சத்தில் விடியும் வரை இருங்கள். ஓட்டோவில் ஏறுமுன் அதன் இலக்கத்தைப் படமெடுத்து, சாரதிக்குத் தெரியும்படியே வீட்டுக்கு அனுப்புங்கள். பைக்குள் கத்தி வைப்பது பலம் என்று தோன்றும். அது சோதனையில் உங்களையே சிக்கலில் மாட்டும், பறித்தால் உங்களுக்கே திரும்பும்.

மோட்டார் சைக்கிளின் கான்டில் லொக் ஒரு பலமான திருப்பலுக்கு உடையும். முன் டிஸ்க்குக்கு ஒரு லொக், இரவில் தூணோடு சேர்த்துச் சங்கிலி. எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் படமாகப் போனிலும், கடதாசியாக வீட்டிலும். பதிவுப் புத்தகத்தின் மூலப்பிரதியைச் சீற்றுக்குக் கீழே வைத்திருந்தால் கள்ளனுக்கு வண்டியோடு உரிமையையும் எழுதிக் கொடுத்த மாதிரி. போன் என்றால் *#06# என்று அழுத்தினால் வரும் 15 இலக்கத்தைக் குறித்து வையுங்கள். அது இல்லாமல் முறைப்பாட்டில் வெறும் 'கறுத்த போன்' என்றுதான் எழுதலாம்.

களவு இப்போது வேலியைத் தாண்டி வர வேண்டியதில்லை, வாட்ஸ்அப்பில் வருகிறது. வன்னியில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பது அவர்களுக்குத் தெரியும். கனடா மாமாவின் படத்தோடு 'அவசரமாகக் காசு தேவை' என்று ஒரு செய்தி வரும், அல்லது 'உங்களுக்கு வந்த ஆறு இலக்கத்தை அனுப்புங்கோ' என்று. அந்த ஆறு இலக்கம் போனால் உங்கள் கணக்கே அவர்கள் கைக்குப் போகும், அடுத்த செய்தி உங்கள் பெயரில் உங்கள் சித்திக்குப் போகும். வாட்ஸ்அப் அமைப்பில் இரு படிச் சரிபார்ப்பைப் போட்டு ஒரு இரகசிய எண் வைத்துவிட்டால் இது நடக்காது. குடும்பத்துக்குள் ஒரு கேள்வி பேசி வையுங்கள்: பழைய வீட்டுக் கிணற்றடியில் நின்ற மரம் என்ன, அப்பாச்சி வளர்த்த மாட்டின் பெயர் என்ன. காசு கேட்கிறவர் யாராக இருந்தாலும் அதைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். மாமா கோவிக்க மாட்டார். வங்கி ஒருபோதும் போனில் இரகசிய எண்ணைக் கேட்காது. பரிசுப் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, வரி கட்ட வேண்டும் என்பதும் அதே வலைதான்.

முறைப்பாடு கொடுக்கப் போகும்போது ஒரு தாளில் நேரம், இடம், நடந்தது, போன பொருள், சாட்சி என்று முன்பே எழுதிக்கொண்டு போங்கள். பதற்றத்தில் சொன்னால் பாதி விடுபடும். வடக்கு மாகாணத்தின் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பே சொல்கிறது. தமிழில் எழுதும்படி கேளுங்கள். வேறு மொழியில் எழுதினால் வாசித்து விளங்கப்படுத்தும் வரை கையொப்பம் வைக்காதீர்கள். திரும்பும்போது திகதியும் பதிவு இலக்கமும் கையில் இருக்க வேண்டும். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் திரும்ப எடுக்க எல்லாம் அதில்தான் தொடங்கும்.

குசினியில் காஸ். 2021 கடைசியில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்ததற்குப் பிறகு பயம் வந்தது, பழக்கம் வரவில்லை. காஸ் காற்றை விடப் பாரம், தரையோடு தேங்கும். மேலே யன்னல் திறந்திருந்தாலும் கீழே நிற்கும். காஸ் மணம் வந்தால் முதலில் சுவிட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம் நிறுத்தவும் வேண்டாம். ரெகுலேற்றரை மூடி, கதவைத் திறந்து, விளக்குமாற்றால் தரைக் காற்றை வெளியே தள்ளுவது போல விசிறுங்கள். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் சவர்க்கார நுரையை மூட்டில் பூசிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. ஹோசை வளைத்துப் பார்க்கும்போது வெடிப்புத் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். சூடுபட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீர், பற்பசை வேண்டாம். மின்பெட்டியில் உள்ள ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அது விழாவிட்டால் அது வெறும் அலங்காரம், உடனே மின்வேலை செய்பவரைக் கூப்பிட வேண்டும்.

2018 டிசம்பர் 21, 22இல் இரணைமடு வான்கதவுகள் திறந்து கனகராயன் ஆறு பெருகியபோது, பரந்தன், முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் பலருக்குக் கிடைத்தது ஓர் இரவு மட்டும்தான். ஐப்பசி பிறக்கும்போதே மூடியுள்ள வாளி ஒன்றுக்குள் இரட்டைப் பொலித்தீனில் காணிப் பத்திரம், பிறப்பு அத்தாட்சி, கிளினிக் கொப்பி, ஏழு நாள் மருந்து, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனி பக்கற் ஆறு. ஜீவனி தீர்ந்தால் கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புக் கூடினால் கேடு, கண்மட்டத்துக்குப் போடாதீர்கள். கரண்ட் இல்லாத நாளில் இன்சுலினைப் பொலித்தீனில் கட்டி, வெளியே ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் நிழலில் வையுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு நாலு லீற்றர். தண்ணீர் வீட்டுக்குள் ஏற முன் பிரதான சுவிட்சை நிறுத்துங்கள், ஏறிய பிறகு அதன் பக்கம் போகாதீர்கள். தாம்போதியில் முழங்காலளவு தண்ணீர் ஓடினால் மோட்டார் சைக்கிளை இறக்காதீர்கள். கிணறு மூழ்கியிருந்தால் சுகாதாரப் பரிசோதகர் குளோரீன் போடும் வரை நன்றாகக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

வெள்ளம் வன்னியில் இன்னொன்றையும் செய்யும். புதைந்து கிடந்த மிதிவெடியையும் வெடிக்காத குண்டையும் மண்ணோடு அரித்து, துப்புரவாக்கி முடிந்த காணிக்கும் இழுத்து வரும். மலசலகூடக் குழி வெட்டும்போதும், புதிய வளவைத் துப்புரவாக்கிக் குப்பைக்கு நெருப்பு வைக்கும்போதும் அதே ஆபத்து உண்டு. குப்பையை வெறும் நிலத்தில் எரிக்காமல், தெரிந்த இடத்தில் பழைய தகரத்தின் மேல் எரியுங்கள். துருப்பிடித்த உருளையோ, பச்சை பிளாஸ்டிக் வட்டமோ, வயரோ கண்டால் நின்ற இடத்தில் நில்லுங்கள். எறியவோ, தடியால் தட்டவோ, மண் போட்டு மூடவோ கூடாது. வந்த காலடிகளைப் பார்த்து அதே தடத்தில் பின்னுக்கு வாருங்கள். பாதுகாப்பான இடத்துக்கு வந்தபின் கண்ணில் படும்படி ஒரு துணியைக் கட்டி, ஒருவரைக் காவலுக்கு நிறுத்தி, 119க்கும் கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள். இரும்பு சேர்த்து விற்கும் பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை சொன்னால் போதாது. மழை விட்ட ஒவ்வொரு முறையும், வளவுக்கு இறங்க முன், சொல்ல வேண்டும்.